ஈரல் தட்டைப்புழு சுரக்கும் புரதங்கள் நோயெதிர்ப்பை மாற்றுவதை ஆய்வுக்கூடத்தில் நிறுவுவது எப்படி?

ஆட்டின் பித்தநாளத்திலிருந்து எடுத்த ஈரல் தட்டைப்புழுவை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் இட்டால், சற்று நேரத்தில் அது கரும்பழுப்பு நிறத்தில் கக்கத் தொடங்கும். இலை வடிவில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் கொண்ட இந்தப் புழுவுக்கு வாயும் கிளைத்த குடலும் உண்டே தவிர மலவாய் கிடையாது. ஆகவே உண்ட இரத்தத்தின் சக்கையை வந்த வழியாகவே வெளியேற்றுகிறது. அந்தச் சக்கையோடு குடற்சுவர் சுரக்கும் நொதிகளும், புழுவின் மேலுறை உதிர்க்கும் புரதங்களும், வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளும் வெளிவருகின்றன. உயிருள்ள ஆட்டின் உடலில் இதே கலவைதான் ஓயாமல் ஊறி, புழுவைத் தாக்க வரும் நோயெதிர்ப்புச் செல்களின் போக்கை மாற்றி, அது ஆண்டுக்கணக்கில் ஈரலுக்குள் குடியிருக்க வழி செய்கிறது.

அந்தக் கலவையைச் சேகரிப்பதும், அதிலுள்ள எந்தப் புரதம் எந்தச் செல்லில் என்ன செய்கிறது என்று நம்பத்தக்க முறையில் நிறுவுவதும் எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். செல் வளர்ப்பிலும், எதிர்ப்புரதம் கொண்டு புரத அளவைக் காணும் எலைசா சோதனையிலும் கைப்பழக்கம் உள்ள, ஆனால் ஒட்டுண்ணிகளோடு இதுவரை பழகாத ஆய்வு மாணவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புரதம் செய்தது என்று நாம் நினைப்பதை வேறொன்று செய்திருக்கக்கூடும் என்ற ஐயத்தைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. கருவிகளும் கரைசல்களும் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கின்றன.

எந்தப் புழு, எந்தப் பருவம்

ஈரல் தட்டைப்புழு என்ற ஒரே பெயருக்குள் வாழ்முறையில் வெகுவாக வேறுபட்ட புழுக்கள் அடங்கியுள்ளன. ஃபாசியோலா ஹெபாடிகாவும், வெப்பமண்டலங்களில் மிகுதியாகக் காணப்படும் ஃபாசியோலா ஜைஜான்டிகாவும் நீர்த்தாவரங்களில் ஒட்டியிருக்கும் உறைப்பருவத்தின் வழியாக ஆடு மாடுகளையும் மனிதரையும் அடைந்து, சிறுகுடலில் உறையை விட்டு வெளிவந்து, குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறை வழியாக ஈரலுக்குள் புகுந்து, அதன் திசுவைத் தின்றுகொண்டே பல வாரங்கள் அலைந்த பிறகுதான் பித்தநாளத்தில் நிலைகொள்கின்றன. கிளோனார்கிஸ் சைனென்சிஸ், ஓபிஸ்தார்கிஸ் விவெரினி ஆகியவையோ வேகாத நன்னீர் மீன் வழியாக உள்ளே வந்து, திசு எதையும் துளைக்காமல் குடலிலிருந்து பித்தநாளத்துக்குள் நேராக ஏறிவிடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஓபிஸ்தார்கிஸ் விவெரினியை 1994-ஆம் ஆண்டிலும் கிளோனார்கிஸை 2009-ஆம் ஆண்டிலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. ஃபாசியோலா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு புழுவில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் பழக்கம் கூடாது. இக்கட்டுரை பெரும்பாலும் ஃபாசியோலா ஹெபாடிகாவையே பற்றியது. புழுக்கள் கிடைப்பதும் எளிது, செய்யப்பட்டிருக்கும் ஆய்வும் அதிகம்.

இனத்தை முடிவு செய்ததும் பருவத்தை முடிவு செய்ய வேண்டும். குடலைத் துளைக்கும் இளம்புழு புரதத்தை வெட்டும் கேதெப்சின் பி வகை நொதிகளையும் கேதெப்சின் எல்-3 என்ற நொதியையும் சுரக்கிறது. எல்-3 கொலாஜனை அறுக்க வல்லது, இளம்புழு தன் வழியை அதனால்தான் வெட்டிக்கொள்கிறது. முதிர்ந்த புழுவில் இவற்றின் இடத்தைக் கேதெப்சின் எல்-1, எல்-2 ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. ஹீமோகுளோபினைச் செரிப்பது அவற்றின் அன்றாடப் பணி. முதிர்ந்த புழுவின் சுரப்பை இறைச்சிக் கூடத்தில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்து, அதைக் கொண்டு தொற்றின் முதல் வாரத்தைப் பற்றி முடிவு கூறும் கட்டுரைகளை நான் அவ்வப்போது படிக்க நேர்கிறது. கேள்வி முதல் வாரத்தைப் பற்றியதானால், உறைப்பருவத்தை வாங்கிப் பித்த உப்பும் ஒடுக்கும் வேதிப்பொருளும் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் உறையவிழ்த்து இளம்புழுக்களைப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. உறைப்பருவம் மனிதரையும் தொற்றும் என்பதால் கையுறையின்றி அதன் அருகில் போகக் கூடாது.

கலவையில் யார் யார் இருக்கிறார்கள்

எடைக்கணக்கில் பார்த்தால் முதிர்ந்த புழுவின் சுரப்பில் கேதெப்சின் எல் நொதிகளே பெரும்பங்கு. செரிமான நொதி என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. எதிர்ப்புரதமான இம்யூனோகுளோபுலின் ஜி-யை அதன் கீல் பகுதியில் வெட்டிவிடுகின்றன, அதனால் எதிர்ப்புரதம் புழுவின் மேல் ஒட்டினாலும் அதன் வால்பகுதியைப் பிடித்துத் தாக்க வரும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. அயற்பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் எல்-1 உள்வாங்கப்பட்டால், அகப்பையில் இருக்கும் டோல் ஏற்பி-3 என்ற உணர்வியைச் சிதைத்து, அழற்சிச் செய்தி செல்லுக்குள் கடத்தப்படும் ஒரு பாதையை அடைத்துவிடுகிறது. இவ்விரண்டும் நொதியின் வெட்டும் திறனைச் சார்ந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் கட்டுப்பாட்டுச் சோதனைகளை வகுக்கும்போது இதுவே கைகொடுக்கும்.

பெராக்சிரெடாக்சின் வேறு மாதிரி. பெராக்சைடுகளை நீக்கிப் புழுவைக் காப்பது அதன் வேலை என்று பெயரிலேயே இருந்தாலும், எலியின் வயிற்றறையில் செலுத்தினால் மேக்ரோஃபேஜ்களை அழற்சிப் போக்கிலிருந்து திருப்பி, திசுவைச் சீர்செய்யும் மாற்றுப் போக்குக்குக் கொண்டுவருகிறது. அதைத் தொடர்ந்து நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் டி செல்களும், அழற்சியைத் தூண்டும் முதல்வகையை விட்டு, இரண்டாம் வகை உதவிச் செல்களாகச் சாய்கின்றன. நொதித்திறன் நீக்கப்பட்ட மாற்றுருவைச் செலுத்தினாலும் இவ்விளைவு நிகழ்கிறது. செல்கள் உணர்வது நொதியின் வினையை அன்று, புரதத்தின் வடிவத்தை என்று அதற்குப் பொருள்.

என் விருப்பத்துக்குரியது எச்.டி.எம்-1 என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடற்புழுத் தற்காப்பு மூலக்கூறு. எட்டு கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவே உள்ள இந்தச் சிறு புரதம் மனிதரின் எல்.எல்-37 என்ற தற்காப்புப் பெப்டைடை வடிவிலும் நடத்தையிலும் ஒத்திருக்கிறது. பாக்டீரியாவின் உறையில் உள்ள, எண்டோடாக்சின் என்றும் அழைக்கப்படும் எல்.பி.எஸ். மூலக்கூறைப் பிடித்துக் கட்டுகிறது, மேக்ரோஃபேஜின் லைசோசோமில் அமிலத்தன்மை ஏறவிடாமல் தடுத்து, விழுங்கிய பொருளைத் துண்டாக்கி டி செல்லுக்குக் காட்டும் பணியை முடக்குகிறது, என்.எல்.ஆர்.பி-3 அழற்சித் தொகுதி செயல்படுவதையும் தணிக்கிறது. புழுவின் கேதெப்சின் எல்-1 நொதியே இதை வெட்டி, செயல்திறனுள்ள பின்பாதியை விடுவிக்கிறது. ஒரு சுரப்புப் புரதம் மற்றொன்றைத் தயார் செய்கிறது என்பதால், தனித்தனியாகச் சோதித்துவிட்டுக் கூட்டாகச் சோதிக்காதவர் பாதியைத்தான் காண்பார்.

இவற்றைத் தவிர கொழுப்பமிலம் பிணைக்கும் எஃப்.எச்-12, டி செல்லுக்கு அயற்பொருளைக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களைப் பாதிக்கும் சிக்மா வகை குளூடாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ், செரின் புரோட்டியேஸ்களை விட்டுவிட்டுக் கேதெப்சின் எல்-ஐத் தடுக்கும் விந்தையான குனிட்ஸ் வகைத் தடுப்பான், ஓம்புயிரின் (புழு குடியிருக்கும் விலங்கின்) டி.ஜி.எஃப்-பீட்டா என்ற செய்திப்புரதத்துக்கான ஏற்பியில் அமரும் புழுவின் போலி மூலக்கூறு ஆகியவையும் உண்டு. ஓபிஸ்தார்கிஸில் கிரானுலின் என்ற வளர்ச்சிக் காரணி பித்தநாளச் செல்களைப் பெருகச் செய்கிறது.

சுரப்பைச் சேகரித்தல்

அறுக்கப்பட்ட விலங்கின் ஈரலைப் பெற்ற உடனேயே பித்தநாளங்களைக் கத்தரித்துத் திறந்து, மழுங்கிய இடுக்கியால் புழுக்களை முழுமையாக எடுக்க வேண்டும். கிழிந்த புழு ஒன்று சேர்ந்தாலும் அதன் உடற்சாறு முழுவதும் கலவையில் இறங்கி, சுரப்பைப் படிக்கிறோம் என்ற பெயரில் சிதைவைப் படிக்கும் நிலை உண்டாகும். கரைசல்கள் அனைத்தும் 37 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். குளிர்ந்த கரைசலில் விழுந்த புழு சுருண்டுகொள்ளும், அதன் பிறகு அது இயல்பாகச் சுரக்கிறது என்று உறுதி கூற இயலாது.

முதல் ஒரு மணிநேரம் பாஸ்ஃபேட் உப்புக்கரைசலில் பலமுறை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். குடலில் மிஞ்சியிருக்கும் ஓம்புயிரின் இரத்தமும் பித்தமும் அப்போது வெளியேறும். கரைசலின் பழுப்பு நிறம் வெளுத்து வருவதே அளவுகோல். அதன்பின் சீரம் சேர்க்காத ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்தில், சிறிது குளுக்கோஸும் பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்த்து, இரண்டு மில்லிலிட்டருக்கு ஒரு புழு என்ற அளவில் வைக்கலாம். சீரத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் இரண்டு: அதன் ஆல்புமின் நம் புரதத்தை மூழ்கடித்துவிடும், அதிலுள்ள புரோட்டியேஸ் தடுப்பான்கள் கேதெப்சினை மௌனமாக்கிவிடும். இரவு முழுவதும் விட்டுவைப்பது பரவலான வழக்கம் என்றாலும், ஐந்து மணிநேரத்தோடு நிறுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். நேரம் நீள நீளப் புழு சோர்கிறது, முட்டைகளைக் கொட்டுகிறது, இறந்த புழுவின் உட்புரதங்கள் கலக்கின்றன. ஒவ்வொரு மணிநேரமும் கலத்தைப் பார்த்து, அசையாத புழுவை அகற்றி, எத்தனை அகற்றினோம் என்று குறிப்பேட்டில் எழுதுவது அலுப்பான வேலை. ஆனால் ஆறு மாதம் கழித்து முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது அந்தக் குறிப்புதான் துணைக்கு வரும்.

இதே சமயத்தில் புழுவே இல்லாத ஒரு கலத்தையும் அதே ஊடகத்தோடு அதே நேரம் வைத்து, பின்வரும் எல்லாப் படிகளிலும் கூடவே நடத்திச் செல்ல வேண்டும். இந்த வெற்றுக் கலம்தான் பிற்பாடு உங்களுடைய மிக முக்கியமான ஒப்பீடு.

சேகரித்த ஊடகத்தைப் படிப்படியாக மையவிலக்குச் செய்யுங்கள். புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசையில் முட்டைகளும் துணுக்குகளும் அடங்கும். 15,000 மடங்கில் பெரிய நுண்பைகள் படியும். 120,000 மடங்கில் எக்சோசோம் அளவிலான சிறிய நுண்பைகள் படியும். ஈரல்புழு நுண்பைகளை வெளியிடுகிறது என்பது 2012-ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் கரைந்த புரதத்தின் விளைவையும் நுண்பையின் விளைவையும் பிரித்தறிய வழி இருக்கவில்லை. சுரப்பதற்கான முன்னொட்டு வரிசை இல்லாத பெராக்சிரெடாக்சின் போன்ற புரதங்கள் எப்படி வெளியே வருகின்றன என்ற பழைய புதிருக்கும் நுண்பைகள் ஓரளவு விடை தருகின்றன. ஆகவே படிவைக் கொட்டிவிடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

மேல்நீரைச் செறிவாக்கும்போது பலர் பழக்க தோஷத்தில் 10 கிலோடால்டன் வடிகட்டியை எடுப்பார்கள். எச்.டி.எம்-1 எட்டு கிலோடால்டன், குனிட்ஸ் தடுப்பான் அதற்கும் சிறியது. இரண்டும் வடிகட்டியின் அடியில் இறங்கிக் கழுவுதொட்டிக்குப் போய்விடும். 3 கிலோடால்டன் வடிகட்டி மெதுவாக வேலை செய்யும் என்றாலும் அதையே பயன்படுத்துங்கள். செறிவாக்கிய சுரப்பைச் சிறு பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு ஒரே முறை உருகும்படி, கழித்தல் 80 டிகிரியில் சேமிக்க வேண்டும்.

எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் 25 முதல் 30 கிலோடால்டன் வட்டாரத்தில் கேதெப்சின் எல் தடித்த பட்டையாகத் தெரியும். 15-க்குச் சற்றுக் கீழே கொழுப்பமிலம் பிணைக்கும் புரதம் நிற்கும். 66 கிலோடால்டன் அருகே தடித்த பட்டை இருந்தால் அது ஓம்புயிரின் ஆல்புமினாக இருக்க வாய்ப்பு மிகுதி, கழுவியது போதவில்லை என்று கொள்க. கேதெப்சினின் உயிர்ப்பை ஒளிரும் பெப்டைடு ஒன்றைக் கொண்டு அளந்து, இ-64 தடுப்பானைச் சேர்த்தால் அது முற்றாக அடங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்.பி.எஸ். என்ற ஏமாற்றுக்காரர்

எத்தனையோ மாதங்களை விழுங்கிய பிழைகள் இந்தப் பகுதியில்தான் ஒளிந்திருக்கின்றன. தொற்றுள்ள பித்தநாளத்தில் பாக்டீரியா இருக்கக்கூடும், ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கைப் புரதத்தில் அதன் உறையிலிருந்து வரும் எல்.பி.எஸ். இருந்தே தீரும். மேக்ரோஃபேஜுக்கோ மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான எல்.பி.எஸ். போதும், விழித்துக்கொள்ளும்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஈ.கோலையில் தயாரித்த பெராக்சிரெடாக்சினை எலி மேக்ரோஃபேஜில் சேர்த்தேன். அழற்சியைத் தூண்டும் செய்திப்புரதமான டி.என்.எஃப். அளவு ஏறிய வேகத்தைக் கண்டு, புழுப்புரதம் அழற்சியைத் தூண்டுகிறது என்ற புதுமையைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று வாரம் மிதந்துகொண்டிருந்தேன். ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் புரதக்குழாயை வாங்கிக் கொதிநீரில் இருபது நிமிடம் வைத்துத் திருப்பித் தந்தார். அடியில் வெள்ளையாகத் திரிந்து படிந்த அந்தப் புரதத்தின் மேல்நீரைச் சேர்த்தபோதும் டி.என்.எஃப். அதே உயரத்துக்கு ஏறியது. புரதம் கொதிநீரில் சிதையும், எல்.பி.எஸ். சிதையாது, என் கண்டுபிடிப்பு அன்றோடு முடிந்தது.

அந்தப் பிழையாவது முகத்துக்கு நேரே நிற்கிறது. இதைவிடக் கேடானது எதிர்த்திசையில் நிகழ்வது. சிறிதளவு எல்.பி.எஸ். பட்ட மேக்ரோஃபேஜ், மறுநாள் பெரிய அளவு எல்.பி.எஸ். கொடுக்கும்போது மந்தமாகவே பதிலளிக்கும். இதற்கு எண்டோடாக்சின் சகிப்பு என்று பெயர். நம் வழக்கமான சோதனை முறையை எண்ணிப் பாருங்கள்: முதல் நாள் புழுப்புரதம், மறுநாள் எல்.பி.எஸ்., அதன்பின் டி.என்.எஃப். அளவு. புரதத்தில் கலந்திருந்த எல்.பி.எஸ். சகிப்பை உண்டாக்கியிருந்தால், டி.என்.எஃப். அழகாகக் குறைந்து நிற்கும். புழுப்புரதம் நோயெதிர்ப்பை அடக்குகிறது என்று நாம் எதிர்பார்த்த முடிவே கிடைப்பதால் எவருக்கும் ஐயம் வராது.

எனவே லிமுலஸ் சோதனையில் எண்டோடாக்சின் அளவைக் கண்டறிந்து, டிரைட்டான் எக்ஸ்-114 பிரிப்பு அல்லது பாலிமிக்சின் பி பொதிந்த குழல் வழியாக அதை நீக்கி, மீண்டும் அளந்து, அந்த எண்ணை முடிவுகளோடு வெளியிட வேண்டும். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. எச்.டி.எம்-1 தானே எல்.பி.எஸ்-ஐக் கட்டிப்பிடிப்பதால், கட்டுண்ட எல்.பி.எஸ். லிமுலஸ் சோதனையின் கண்ணுக்குத் தப்பக்கூடும். தெரிந்த அளவு எல்.பி.எஸ்-ஐ மாதிரியில் சேர்த்து, அதில் 50 முதல் 200 சதவீதம் வரை திரும்ப அளவிடப்படுகிறதா என்று பார்த்த பிறகே முதல் எண்ணை நம்ப வேண்டும். இறுதி உறுதிக்கு டோல் ஏற்பி-4 செயலிழந்த சி3எச்/ஹெச்இஜே எலிகளின் செல்களில் அதே விளைவு தோன்றுகிறதா என்று பார்ப்பது நல்லது, எல்.பி.எஸ். அந்தச் செல்களோடு பேச முடியாது.

செல்களின் மேல் சோதனை

எலும்பு மஜ்ஜையிலிருந்து ஏழு நாள் வளர்த்தெடுத்த மேக்ரோஃபேஜ்களோடு தொடங்குவது நலம். ராவ் 264.7, டி.எச்.பி-1 போன்ற நிலைத்த செல்வரிசைகள் முதல்கட்ட முறைமையைச் சரிபார்க்கப் போதுமானவை, முடிவு கூறப் போதாதவை. புரதத்தை மில்லிலிட்டருக்கு 1 முதல் 20 மைக்ரோகிராம் வரை பல அளவுகளில் கொடுத்து, இரவு கழித்து, செல் தட்டின் குழிகளில் (கிணறுகளில்) ஒரு பாதியைக் கழுவியும் மறுபாதியைக் கழுவாமலும் தூண்டியைச் சேர்க்க வேண்டும். கழுவாத கிணறுகளில் மட்டும் அடக்கம் தெரிந்தால், புரதம் எல்.பி.எஸ்-ஐக் கரைசலிலேயே கட்டிவிட்டது என்று பொருள். கழுவிய பிறகும் அடக்கம் நிலைத்தால் செல் மாறியிருக்கிறது. தூண்டியாக எல்.பி.எஸ். ஒன்றோடு நின்றுவிடாமல், டோல் ஏற்பி-3-ஐத் தூண்டும் பாலி ஐ.சி.யையும் டோல் ஏற்பி-2-ஐத் தூண்டும் லிப்போபெப்டைடையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தால், எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்பதும் தெரியவரும்.

ஒப்பீட்டுக் கிணறுகளில் சிக்கனம் கூடாது. புழுவில்லாக் கலத்திலிருந்து வந்த செறிவூடகம், இ-64 கொண்டு முடக்கிய சுரப்பு, தடுப்பான் மட்டும், வேகவைத்த புரதம், அதே முறையில் தயாரித்த தொடர்பில்லாத புரதம் ஆகிய அனைத்தும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். பெராக்சிரெடாக்சினையோ கேதெப்சினையோ உயிர்ப்பூட்ட டி.டி.டி. என்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்திருந்தால், டி.டி.டி. மட்டும் கொண்ட கிணறும் வேண்டும். ஒடுக்கும் பொருள்கள் செல்லையும் மாற்றும், எம்.டி.டி. உயிர்ப்புச் சோதனையின் நிறத்தையும் செல் உதவியின்றியே மாற்றும். இக்காரணத்தால் உயிர்ப்பைப் பார்க்க அனெக்சின் சாயமும் புரோபிடியம் அயோடைடும் கொண்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எண்ணுவதே பாதுகாப்பானது. செத்த செல் சைட்டோகைன் என்ற செய்திப்புரதங்களைச் சுரக்காது என்பதை நினைவுபடுத்த வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் அடக்கம் என்று அறிவிக்கப்பட்ட எத்தனையோ முடிவுகளுக்கு உயிர்ப்பு அளவீடு இணைக்கப்படுவதில்லை.

மூன்றாவது ஏமாற்று, கேதெப்சின் அளக்கப்படும் பொருளையே தின்றுவிடுவது. கலத்தில் ஐ.எல்-6 என்ற சைட்டோகைன் குறைந்திருப்பதாக எலைசா காட்டுகிறது என்றால், செல் குறைவாகச் சுரந்திருக்கலாம் அல்லது சுரந்ததை நொதி வெட்டியிருக்கலாம். செல்லே இல்லாத கிணற்றில் தெரிந்த அளவு ஐ.எல்-6-ஐயும் சுரப்பையும் சேர்த்து, 37 டிகிரியில் 24 மணிநேரம் வைத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தால் விடை தெரிந்துவிடும். செல்லிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து அதே சைட்டோகைனின் மரபணு வெளிப்பாட்டைப் பார்ப்பது இரண்டாவது சாட்சி. செல்மேற்பரப்பில் சி.டி-4 போன்ற அடையாளப் புரதங்கள் குறைந்து தெரிந்தாலும் இதே ஐயத்தை எழுப்பிக்கொள்ளுங்கள். ஆட்டின் டி செல்களில் கேதெப்சின் எல் அந்தப் புரதத்தின் அளவைக் குறைப்பது முன்பே அறியப்பட்டதுதான்.

சைட்டோகைன்களை அளப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எச்.டி.எம்-1-ஐச் சோதிப்பவர் லைசோசோமின் அமிலத்தன்மைக்கேற்ப ஒளிரும் சாயத்தையும், செரிக்கப்பட்டால் மட்டும் ஒளிரும் ஓவால்புமினையும் மேக்ரோஃபேஜுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் புரதத்தின் உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. நுண்ணோக்கியில் ஒப்பீட்டுச் செல்கள் பச்சைப் புள்ளிகளாக மின்னிக்கொண்டிருக்க, புரதம் பெற்ற செல்கள் விழுங்கியதைச் செரிக்காமல் இருண்டு கிடப்பதைக் காண்பது, எந்த எலைசா எண்ணையும் விட நேரடியான காட்சி.

தனிப்புரதத்துக்கு இறங்குதல்

முழுச் சுரப்பு ஒரு விளைவைக் காட்டியதும், எந்தப் புரதம் என்ற கேள்வி வரும். கேதெப்சின் எல்-1-ஐ ஈஸ்டில், முன்துண்டோடு கூடிய 37 கிலோடால்டன் உருவில் தயாரிப்பது வழக்கம். அமிலச் சூழலில் அது தன்னைத்தானே வெட்டி முதிர்ந்த நொதியாகிறது. வினைமையத்தின் சிஸ்டீனைக் கிளைசினாக மாற்றிய முடக்கப்பட்ட உருவையும் கூடவே தயாரிக்க வேண்டும். வெட்டும் உருவில் விளைவு உண்டு, முடக்கிய உருவில் இல்லை என்றால் வாதம் உறுதிப்படும்; எல்.பி.எஸ். ஐயமும் அதோடு தீரும், ஏனெனில் இரண்டும் ஒரே முறையில் பிறந்தவை. ஈஸ்டில் எல்.பி.எஸ். இல்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது; அது புரதத்தின் மேல் மேனோஸ் சர்க்கரைகளைச் சூட்டக்கூடும், மேக்ரோஃபேஜின் மேனோஸ் ஏற்பிக்கு அவை நன்கு பழக்கமானவை. புழுவே தன் புரதங்களில் சர்க்கரை சூட்டுகிறது என்பதால், ஈ.கோலையில் செய்த சர்க்கரையற்ற உருவம் இயற்கைச் சுரப்பின் விளைவைக் காட்டத் தவறினால் உடனே புரதத்தைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் கூடாது.

எதிர்ப்பக்கச் சோதனையும் தேவை. முழுச் சுரப்பிலிருந்து அந்த ஒரு புரதத்தை எதிர்ப்புரதம் கொண்டு உறிஞ்சி நீக்கிவிட்டு, எஞ்சியது விளைவை இழக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முழுவதும் இழக்காது. ஒரே வேலையைப் பல புரதங்கள் பகிர்ந்து செய்யும் ஏற்பாட்டைப் புழு வைத்திருக்கிறது. ஒரே புரதத்தைக் கொண்டு செய்யப்பட்ட தடுப்பூசி முயற்சிகள் விலங்குக்கு விலங்கு, சோதனைக்குச் சோதனை மாறுபட்ட பலனைத் தந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

விலங்கில் சரிபார்த்தல்

எலி ஓம்புயிராக அமைந்தால் வசதி அதிகம், ஆனால் எலியின் மேக்ரோஃபேஜ் மாற்றுப் போக்குக்குத் திரும்பியதைக் காட்டும் ஒய்.எம்-1 அடையாளம் மனிதரில் இல்லவே இல்லை, ஆர்ஜினேஸ்-1 அடையாளமும் மனித மேக்ரோஃபேஜில் அதே போல் உயர்வதில்லை. மாட்டு ஆய்வுக்கு மாட்டுச் செல், மனித ஆய்வுக்கு மனித இரத்தத்திலிருந்து பிரித்த மோனோசைட் என்று அமைத்துக்கொண்டு, விளைவை அந்தந்த இனத்துக்குரிய அடையாளங்களால் அளக்க வேண்டும். ஓம்புயிர் மாறினால் கதையே மாறும் என்பதற்கு இந்தோனேசியாவின் மெல்வால் ஆடுகள் சான்று: அவை ஃபாசியோலா ஜைஜான்டிகாவை வெல்கின்றன, ஹெபாடிகாவை வெல்வதில்லை. அவற்றின் வயிற்றறைச் செல்கள் எதிர்ப்புரதத்தின் துணையோடு சூப்பர்ஆக்சைடு உமிழ்ந்து ஜைஜான்டிகா இளம்புழுவைக் கொல்கின்றன. ஹெபாடிகா இளம்புழு அதே தாக்குதலைத் தாங்கி நிற்கிறது. புழுவின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளைப் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீட்டு இணை கிடைப்பது அரிது.

இறைச்சிக் கூடத்துப் புழுவோடு வேலை செய்யும் வரை பெரிய தடை இல்லை. உயிருள்ள விலங்கைத் தொடுவதற்கு முன் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது, சுரப்பு பெற்ற விலங்கு வேறொரு நோய்க்கு அல்லது தடுப்பூசிக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதே. ஃபாசியோலா தொற்றிய எலிகளில் கக்குவான் பாக்டீரியாவுக்கு எதிரான முதல்வகை உதவிச் செல்களின் பதில் மங்கியது 1999-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பால்மாட்டு மந்தைகளை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, ஈரல்புழு மிகுந்த மந்தைகளில் மாட்டுக் காசநோயின் தோல் சோதனை தொற்றைக் குறைத்துக் காட்டுகிறது என்றது. தோலில் வீக்கம் எழுவதற்கு வேண்டிய இன்டர்ஃபெரான்-காமா பதிலைப் புழு தணித்துவிடுகிறது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். தட்டில் நாம் காணும் டி.என்.எஃப். இறக்கத்துக்கும் மாட்டின் கழுத்தில் எழாத வீக்கத்துக்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன என்பதைக் கணக்கிட்டே எதையும் எழுத வேண்டும்.

புழுவின் மரபணுவையே அடக்கிப் பார்ப்பது இப்போது கைக்கு எட்டியிருக்கிறது. ஃபாசியோலா இளம்புழுவை இரட்டையிழை ஆர்.என்.ஏ. கரைசலில் ஊறவைத்துக் கேதெப்சின் எல், கேதெப்சின் பி ஆகியவற்றை அடக்கியபோது, அது எலிக்குடலைத் துளைக்கும் திறனை வெகுவாக இழந்தது. ஓபிஸ்தார்கிஸில் கிரானுலின் மரபணுவை கிறிஸ்பர் முறையில் வெட்டி 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், திருத்தப்பட்ட புழுக்கள் வெள்ளெலிகளின் பித்தநாளத்தில் குடியேறவே செய்தன. ஆனால் நாளத்தைச் சுற்றிய திசுச் சேதம் தெளிவாகக் குறைந்திருந்தது. தொடங்கும் முன், அடக்கப்பட்ட புரதம் சுரப்பில் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எதிர்ப்புரதம் கொண்டு பார்த்துவிடுங்கள்: ஆர்.என்.ஏ. குறைந்த பிறகும், முன்பே தயாரித்து வைத்த கேதெப்சின் குடற்செல்களின் பைகளில் பல நாள் இருப்பில் இருக்கும்.